ஒழுகும் கூலண்ட், ஒளிரும் விளக்கு: பழைய காரின் நோயைக் கண்டறிவது எப்படி?

பத்து, பதினைந்து வயதைக் கடந்த கார்கள் நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வங்கிக் கடன் முடிந்துவிட்டது. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் போய்வர அதுவே போதும். ஒருநாள் காலையில் காரை நகர்த்திய இடத்தில் ஈரம் தெரிகிறது. அல்லது டாஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அப்போது நம்மில் பலர் கண்டும் காணாமல் ஓட்டுகிறோம். அல்லது பட்டறையில் சொல்லும் பாகத்தையெல்லாம் மாற்றுகிறோம். முதலாவது எஞ்சினைக் கெடுக்கும். இரண்டாவது பணப்பையைக் காலி செய்யும். நான்காம் படிவ இயற்பியலில் வரும் வெப்பப் பாடம் நினைவிருந்தால், மூன்றாவதாக ஒரு வழி உண்டு.

தண்ணீர் மட்டும் ஏன் போதாது?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பங்கு எஞ்சினின் உலோகத்தைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து செல்வதுதான் கூலண்டின் வேலை. 1 கிலோகிராம் நீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். இவ்வளவு வெப்பத்தைச் சுமக்கும் மலிவான திரவம் வேறில்லை.

ஆனால் வெறும் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்துவிடும், உலோகத்தை அரிக்கும். அதனால்தான் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் அரிப்புத் தடுப்பான்களையும் சேர்க்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்த கலவை சுமார் 107 பாகையில் கொதிக்கும். இதற்கு மேல் உதவி செய்வது ரேடியேட்டர் மூடி. அதன் உள்ளே உள்ள சுருள்வில், பல கார்களில் சுமார் 1.1 பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். கலவை இப்போது 125 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ஆகவே மூடி தளர்ந்த காரில், வேறு எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் கூலண்ட் பொங்கி வழியலாம். சூடேறும் காருக்கு முதலில் மாற்றிப் பார்க்கத்தக்க மலிவான பாகம் இதுதான்.

ஈரத்தைப் படியுங்கள்

காருக்கு அடியில் தெரியும் ஈரமெல்லாம் கூலண்ட் அல்ல. நம் நாட்டின் ஈரப்பதத்தில் ஏர்கோன் ஓடிய பிறகு நீர் சொட்டுவது இயல்பு. அது நிறமற்றது, மணமற்றது, விரலில் வழுக்காது. கூலண்ட் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். வழுவழுப்பாகவும் சற்றே இனிப்பான வாடையோடும் இருக்கும். இரவில் எஞ்சினுக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்திற்கு நேர் மேலே தேடத் தொடங்கலாம்.

முன்பக்கம் என்றால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் விளிம்பைப் பாருங்கள். அல்லது ரப்பர் ஹோஸின் முனைகளைப் பாருங்கள். பெல்ட் இருக்கும் பக்கம் என்றால் வாட்டர் பம்பைச் சந்தேகிக்கலாம். அதில் ஒரு சிறு துளையை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலண்ட் அந்தத் துளை வழியாகச் சொட்டி நம்மை எச்சரிக்கும். சிறு கசிவுகள் சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடுவதால் தரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்தது போன்ற தடம் அங்கே மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது கைப்பம்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்

இந்த எச்சரிக்கையைக் கேட்டிருப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். அழுத்தத்தால் அடக்கப்பட்டு 120 பாகையில் 1 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியைத் திறந்த கணத்தில் அது 100 பாகைக்கு இறங்க வேண்டும். அந்த 20 பாகையில் விடுபடும் வெப்பம் ஏறக்குறைய 84,000 ஜூல். 1 கிராம் நீரை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேண்டும். ஆகவே 37 கிராம் நீர் நொடியில் ஆவியாகும். 37 கிராம் நீராவி பிடிக்கும் இடம் சுமார் 60 லிட்டர்! அது எஞ்சியிருக்கும் கொதிநீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில் பாயும். எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.

விளக்கு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து ஓ.பி.டி. 2 என்ற பொதுவான கண்டறிதல் முறை கட்டாயமானது. பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. ஸ்டீயரிங்கின் கீழே 16 ஊசிகள் கொண்ட ஒரு சொருகுவாய் இருந்தால், சிறிய ஸ்கேனர் ஒன்றை மாட்டிக் குறியீட்டைப் படிக்கலாம். சில பழைய கார்களுக்குத் தயாரிப்பாளரின் தனிக் கருவி தேவைப்படும்.

குறியீட்டின் முதல் எழுத்து 'பி' என்றால் அது எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்ந்தது. அடுத்த எண் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. அதற்கடுத்த எண், எந்தப் பிரிவு என்று காட்டும். 3 என்றால் தீப்பொறியும் எரிதலும், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. இங்கே ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். எந்த அளவீடு எல்லை மீறியது என்பதை மட்டுமே குறியீடு சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்வதில்லை.

பி0118 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். கூலண்ட் வெப்பநிலை உணரியின் மின்னழுத்தம் மிக அதிகம் என்று அதற்குப் பொருள். அந்த உணரி ஒரு தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் மின்தடை கூடும். கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். கணினியோ கடுங்குளிர் என்று புரிந்துகொள்ளும். ஸ்கேனரில் மைனஸ் 40 பாகை என்று தெரிந்தால், நம் ஊரில் அது நடக்காத காரியம்! புது உணரி வாங்குவதற்கு முன் கம்பியையும் அதன் இணைப்பையும் பாருங்கள். இதற்குச் செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு: இரவெல்லாம் நின்ற காரில், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஸ்கேனர் காட்டும் கூலண்ட் வெப்பநிலை வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும்.

பி0128 என்பது எஞ்சின் போதிய அளவு சூடாகவில்லை என்ற புகார். பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும். கூலண்ட் குறைந்திருந்தாலும் இது வரலாம். தெர்மோஸ்டாட்டின் உள்ளே உள்ள மெழுகு, 80 பாகையைத் தாண்டி உருகி விரியும்போதுதான் வழி திறக்கும். "வெப்ப நாட்டுக்கு இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறியும் பழக்கம் இங்கே உண்டு. அப்படிச் செய்தால் கணினி எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக எண்ணி, பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும்.

சொட்டும் இல்லை, கூலண்டும் இல்லை

சக ஆசிரியர் ஒருவரின் கார் தினமும் காலையில் கிளப்பியதும் ஓரிரு நிமிடம் நடுங்கும், பிறகு சரியாகிவிடும். குறியீடு பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், விளக்கு திரும்பத் திரும்ப வந்தது. கூலண்டும் வாராவாரம் குறைந்தது. தரையில் மட்டும் ஒரு சொட்டும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெரியும். இரவில் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. காலையில் அந்த ஈரம் எரிதலைக் கெடுக்கிறது. ஈரம் காய்ந்ததும் எஞ்சின் சீராகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

இதை உறுதி செய்த சோதனை நம் ஆய்வுக்கூடத்தில் உள்ளதுதான். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்தார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் கார்பன் டைஆக்சைடு அந்தத் திரவத்தை மஞ்சளாக்கும். மாணவர்கள் ஊதிப் பார்க்கும் புரோமோதைமால் நீலமேதான்! அவருடைய காரில் அது மஞ்சளானது.

கேஸ்கெட் ஏன் போகிறது? பல பழைய எஞ்சின்களின் அடிக்கட்டை வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள தலைப்பகுதி 100 பாகை சூடேறினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். கீழே உள்ள இரும்போ 0.45 மில்லிமீட்டர்தான் நீளும். கார் அளவுக்கு மீறிச் சூடாகும் ஒவ்வொரு தடவையும் இடையில் உள்ள கேஸ்கெட் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும்.

சாலையில் நினைவில் கொள்ள வேண்டியவை

வெப்பமானியின் முள் ஏறினால் ஏர்கோனை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினையும் அணையுங்கள். ஏறிய முள் ஓடும்போதே திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலண்ட் வற்றி, உணரி திரவத்தில் படாமல் நிற்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைக் கெடுத்துக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள்.

தரையில் சிந்திய கூலண்டை உடனே கழுவித் துடைத்துவிடுங்கள். அதன் இனிப்புக்காகப் பூனையோ நாயோ நக்கினால் சிறுநீரகம் பழுதாகிச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு.

குறியீட்டை அழிக்கச் சொல்வதற்கு முன் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அழிக்கும்போது, பழுது ஏற்பட்ட நேரத்தில் எஞ்சின் இருந்த வெப்பநிலை, வேகம் போன்ற பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தத் தாளோடும், வாரம் ஒருமுறை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்கில் குறித்து வைத்த அளவோடும் பட்டறைக்குப் போங்கள். மெக்கானிக் ஊகத்தில் பாகங்களை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்காது. நீங்கள் கேட்கும் கேள்விகளும் சரியாக இருக்கும்.