கூட்டுக்குடித்தனம் பண்ணும் கிராபிக்ஸ்!

ஃபேன் சுத்துது... லைட் எரியுது... மானிட்டர் மட்டும் கும்மிருட்டு!

திருவேங்கடத்துல எங்க வீட்டுக்கு முதன்முதலா கம்ப்யூட்டர் வந்த கதை இது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற அம்மா, சீட்டு எடுத்துக் கொடுத்த காசு. பார்ட்ஸ் வாங்கி நானே மாட்டினேன். "என்னல, படம் வரலை?"னு அம்மா கேட்டப்போ வயித்துல புளியைக் கரைச்சது. ராத்திரி முழுக்கக் கழட்டி மாட்டின பிறகுதான் ப்ராசஸர் பெட்டியில இருந்த வில்லனைக் கவனிச்சேன். 12400-க்குப் பின்னால ஒரே ஒரு எழுத்து... 'எஃப்'!

இன்டெல் ப்ராசஸர் பெயர் 'எஃப்'னு முடிஞ்சா, உள்ளே கிராபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம். தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் படம் தெரியும். விலை கம்மின்னு நான் வழுக்கி விழுந்தது இங்கேதான்! 'எஃப்' இல்லாத 12400-ல யு.ஹெச்.டி. 730 கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு.

இந்த கிராபிக்ஸ் ஒரு காலத்துல மதர்போர்டுல குடியிருந்தது. 1999-ல வந்த இன்டெல் 810 சிப்செட் அந்த ரகம். 2010-ல ப்ராசஸர் வீட்டு வாசலுக்கு வந்து, 2011 'சாண்டி பிரிட்ஜ்'ல ஒரே சிலிக்கான் சில்லுக்குள்ள குடியேறிடுச்சு. 2006-ல ஏ.டி.ஐ. கம்பெனியை வாங்கின ஏ.எம்.டி.யும் 2011-ல அதே ரூட்டைப் பிடிச்சது.

கார்டுங்கிறது தனிக்குடித்தனம். அதுக்குச் சொந்த மெமரி உண்டு. உள்ளே இருக்கிறது கூட்டுக்குடித்தனம். ப்ராசஸர் சாப்பிடுற அதே ரேம் பானையிலதான் இதுவும் கை வைக்கும். 8 ஜி.பி. ரேம் போட்டும் விண்டோஸ் குறைச்சலா காட்டுதேன்னு கடைக்காரரைத் திட்டாதீங்க. மிச்சம் கிராபிக்ஸோட பங்கு!

பானை ஒண்ணுன்னா கரண்டியாவது ரெண்டு வேணாமா? 3200 வேக டி.டி.ஆர்.4 ரேம் ஒண்ணு போட்டா, நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜி.பி. போய்வரும். அதையே ரெண்டாப் பிரிச்சு, சரியான ஸ்லாட்ல மாட்டினா 51.2. ஒரு 16-க்குப் பதிலா ரெண்டு 8 வாங்குறவங்கதான் புத்திசாலி!

கடைக்குக் கிளம்பிட்டீங்களா?

* சி, பைத்தான், டூ-டி ஆட்டோகேட், யூடியூப்... உள் கிராபிக்ஸே தாராளம்.

* பெரிய கேம்ஸ், த்ரீ-டி ரெண்டரிங்னா கார்டு பக்கம் போங்க. 'கூடா' படிக்கணும்னா என்விடியா கார்டுதான்.

* ஏ.எம்.டி.யில ரைசன் 5600-ல கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில உண்டு. கடைசி எழுத்தைப் படிக்காம காசை நீட்டாதீங்க!

என் கதை? பிரிச்ச பெட்டியைக் கடையில திரும்ப வாங்கலை. கார்டு வச்சிருந்த ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர்தான் தெய்வமா வந்தார். என் 'எஃப்'பை எடுத்துக்கிட்டு தன் 12400-ஐக் கொடுத்தார். கார்டு இருக்கிறதால அவருக்கு நஷ்டமில்லை. எனக்கோ உயிர் வந்தது.

மானிட்டர்ல வெளிச்சம் வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இனியாவது படிப்பியால?"