ஃபேடருக்கு முன்னால் கெயின்

ஒலிபரப்பு நிலையத்து மிக்ஸிங் கன்சோலில் முதலில் கண்ணில் படுவது வரிசையாக நிற்கும் ஃபேடர்கள்தாம். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அவற்றின் வேலை என்பதால், மைக்கைச் சரிசெய்வது என்றாலே ஃபேடரை நகர்த்துவதுதான் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு குரல் வானொலியில் தெளிவாகக் கேட்குமா, இரைச்சலோடு கேட்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது ஒவ்வொரு மைக்குக்கும் உரிய சானலின் தொடக்கத்தில் இருக்கும் கெயின் குமிழ். நிகழ்ச்சி தொடங்குமுன் அதைச் சரியாக வைக்காவிட்டால், பின்னால் எதைத் திருகினாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

காரணம் மைக்கின் மின்னழுத்தத்தில் இருக்கிறது. மேடைகளில் பரவலாகப் புழங்கும் ஷூர் எஸ்எம்58 மைக், 94 டெசிபெல் ஒலியழுத்தத்தில், அதாவது வாயருகே வைத்து உரக்கப் பேசும்போது, சுமார் 1.85 மில்லிவோல்ட் மட்டுமே தருகிறது. சாதாரணப் பேச்சில் அது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே போய்விடும். கன்சோலின் உட்சுற்றுகள் வேலைசெய்யும் மட்டமோ கிட்டத்தட்ட ஒரு வோல்ட். ஆகவே சிக்னலை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, டெசிபெல் கணக்கில் 60, பெருக்கியாக வேண்டும். இதைக் கெயின் குமிழ் இயக்கும் முதல் நிலையிலேயே செய்துவிட்டால், அடுத்தடுத்த சுற்றுகள் சேர்க்கும் இரைச்சல் குரலுக்கு முன்னால் அற்பமாகிவிடும். கெயினைக் குறைவாக வைத்துவிட்டுப் பின்னால் கூட்டினால் குரலோடு அந்த இரைச்சலும் சேர்ந்து எழும். அப்படிக் கூட்டவும் ஃபேடரில் இடமில்லை: பல கன்சோல்களில், ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் விடும் சைபர் கோட்டுக்கு மேல் 10 டெசிபெல்தான் மிச்சம். மாறாக, கெயினை அளவுக்கு மீறி ஏற்றினால் ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். ஃபேடரை இறக்கினால் அந்தக் கரகரப்பு மெதுவாகக் கேட்குமே தவிர மறையாது.

எனவே சானலை அமைக்கும்போது வரிசை முக்கியம். ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, மைக் கன்டென்ஸர் வகை என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தைப் போட வேண்டும். ஃபேடர் ஏறியிருக்கும்போது போட்டால் ‘டப்’ என்ற வெடிப்பு நேயர் காதுவரை போகும். அடுத்து பிஎஃப்எல் பொத்தானை அழுத்தினால், ஃபேடரைத் தொடாமலே அந்தச் சானலை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்கலாம், மீட்டரில் பார்க்கலாம். பேசப்போகிறவரை நிகழ்ச்சியில் பேசும் தொனியிலேயே சில வாக்கியங்கள் பேசச் சொல்லி, அதைக் கேட்டபடி கெயினை ஏற்ற வேண்டும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணச் சொன்னால் பலர் தணிந்த குரலில் எண்ணுவார்கள். விவாதம் சூடுபிடித்ததும் குரல் உயர்ந்து முகடுகள் வெட்டுப்படும். இதைத் தவிர்க்க உச்சவரம்புக்குக் கீழே இடம் விட வேண்டும்: ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தன் டிஜிட்டல் சீரமைப்பு மட்டத்தை உச்சவரம்புக்கு 18 டெசிபெல் கீழே வைத்திருக்கிறது. சிரிப்புக்கும் அதட்டலுக்கும் அந்த இடைவெளி வேண்டும். கெயின் அமைந்தபிறகு, ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் ஏசி உறுமலையும் மேசை அதிர்வையும் ஹை-பாஸ் ஃபில்டரால் வடிகட்டலாம். பேச்சுக்கு அதனால் இழப்பு அநேகமாக இல்லை.

24 பிட் டிஜிட்டல் கன்சோல் வந்தபின் இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். 24 பிட்டின் ஏட்டளவு வீச்சு சுமார் 144 டெசிபெல். கெயின் கொஞ்சம் குறைந்தால் முன்போல் பெரிய நஷ்டமில்லை என்பது உண்மைதான். ஆனால் டிஜிட்டல் மாற்றிக்கு முன்னால் நிற்பது அனலாக் பெருக்கி. அங்கே வெட்டுப்பட்ட அலை, எண்ணாக மாறினாலும் வெட்டுப்பட்டதாகவே இருக்கும். பதிவு நிகழ்ச்சியென்றால் மறுபடி பேசச் சொல்லலாம். நேரலையில் அதற்கு வழியில்லை. கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சமன்செய்துவிடாதா என்பது இன்னும் கனமான கேள்வி. கம்ப்ரஸர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டும் ஒலியைத்தான் அமுக்குகிறது. ஒருவர் குரல் அந்த மட்டத்தைத் தாண்டுமா என்பதே கெயினைப் பொறுத்தது. கெயின் குறைந்த விருந்தினரிடம் அது வேலையே செய்யாது; கெயின் மிகுந்தவரின் ஒவ்வொரு சொல்லையும் நசுக்கும். ஒலியளவைத் தானாக ஏற்றியிறக்கும் கருவிகளோ, பேச்சு நின்ற இடைவெளியில் அறையின் இரைச்சலைத் தூக்கிவிடக்கூடும்.

ஃபேடரின் மதிப்பு இதனால் குறைவதில்லை, கூடுகிறது. சைபர் கோட்டை ஒட்டிய பகுதியில் ஃபேடரை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் சில டெசிபெல்தான் மாறும். அடிப்பகுதியில் அதே தூரம் பல டெசிபெல்லை விழுங்கிவிடும். நுணுக்கமாகக் கையாள ஏற்ற இடம் மேலேதான். ஆகையால் நான்கு பேர் அமர்ந்த விவாதத்தில், நான்கு ஃபேடர்களும் சைபர் அருகே நிற்கும்படி கெயினை முன்கூட்டியே பொருத்திவிட வேண்டும். அதன்பிறகு யாருடைய குரல் முன்னால் வரவேண்டும், குறுக்கிடுபவரை எவ்வளவு தணிக்கலாம் என்பதில் மட்டும் இயக்குபவரின் காதும் கையும் நிலைக்கும். குறையை மறைக்கும் வேலையிலிருந்து விடுபட்ட கைதான் நிகழ்ச்சியை நடத்த முடியும். அதனால், கெயின் பார்ப்பதற்கான சில நிமிடங்களை எந்த அவசரத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.