கடன் கொப்பியும் பழைய கணனியும்

வியாபாரத்தில் முதல் போனால் திரும்ப உழைக்கலாம். கணக்குப் போனால் என்ன செய்வது? 2019 இல் இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில்லறைக் கடைகளுக்குச் சாமான் போடுவது எனது தொழில். வாப்பாவின் காலத்தில் கொப்பியில் இருந்த கடன் விபரங்களை நான் கணனிக்கு மாற்றியிருந்தேன். ஒரு நாள் காலையில் ஹார்ட் டிஸ்க் பழுதாகிப்போனது. வேறு பிரதி இல்லை. கடைகடையாக ஏறி இறங்கி, "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கடன்காரர்களிடமே கேட்க நேர்ந்தது. பெரும்பாலானோர் நாணயமாகச் சொன்னார்கள். குறைத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே பிரதியை நம்பியிருந்தது எனது பிழை.

அதன் பிறகுதான் வீட்டில் ஒரு சேர்வர் வைக்கத் தீர்மானித்தேன். சேர்வர் என்றதும் வங்கிகளில் இருக்கும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். கோப்புகளை ஓரிடத்தில் வைத்து, கடையிலும் வீட்டிலும் உள்ள மற்றக் கணனிகளுக்குக் கொடுக்கும் ஒரு சாதாரண கணனிதான் அது. எனது வீடு கடைக்கு மேலேயே இருப்பதால் ஒரே ரவுட்டர் இரண்டுக்கும் போதும். விண்டோஸ் 10 க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்ததால் ஒதுக்கப்பட்ட கணனிகள் இப்போது பல கடைகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம்.

அதற்கு ஏற்றது லினக்ஸ். 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இது இலவசமானது. ஆனால் லினக்ஸில் வகைகள் பல. எதைத் தெரிவு செய்வது?

எனது மருமகன் உபுண்டு சேர்வரைச் சொன்னான். நல்லதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் அதன் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் இலவச ஆதரவு உண்டு. ஆனால் திரையில் படமோ பட்டனோ இல்லை. எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்டச்சுச் செய்ய வேண்டும். "மகன், நீ கட்டாருக்குப் போன பிறகு இதை யார் பார்ப்பது?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

அடுத்தது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாகத் தெரியாது. ஆனால் அது மேசையில் இருந்து வேலை செய்வதற்கானது. சேர்வர் வேலைகளை நாமே ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும்.

கடைசியில் நான் எடுத்தது ஓபன்மீடியாவோல்ட். 1993 இல் ஆரம்பமான டெபியன் என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. ஒரு தடவை நிறுவிவிட்டால் அந்தக் கணனிக்குத் திரையும் கீபோர்டும் தேவையில்லை. கடைக் கணனியின் பிரவுசரில் திறந்து, பட்டன்களை அழுத்தியே நடத்தலாம். கோப்புகளைப் பகிரும் மென்பொருளின் பெயர் சம்பா. அரிசி வியாபாரிகள் மறக்கமாட்டார்கள்! அதன் வழியாக, விண்டோஸ் கணனியில் அது இன்னொரு போல்டராகவே தெரியும். காசாளர் பில்லைப் பார்க்கலாம், அழிக்க முடியாது என்று ஆளுக்கு ஆள் அனுமதியும் வைக்கலாம்.

சில விடயங்களில் கவனம் தேவை. இயங்குதளத்துக்கு ஒரு டிஸ்க், கணக்குகளுக்கு வேறொரு டிஸ்க் வையுங்கள். கூடவே வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். சேர்வரை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்கமாட்டோம். திடீரென மின்சாரம் நின்றால் கோப்புகள் பழுதாகலாம் என்பதால் யூ.பி.எஸ். அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்வர் வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அதுவும் ஒரு பிரதிதான். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது, ஒரே கட்டடத்தில் எத்தனை பிரதி இருந்தாலும் நீர் அவற்றை வேறு பிரித்துப் பார்த்திருக்காது. நான் வாரம் ஒரு முறை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துத் தம்பியின் வீட்டில் வைக்கிறேன். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு பழைய பில்லைத் திறந்தும் பார்க்கிறேன். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

எனவே, எந்த லினக்ஸ் சிறந்தது என்று கேட்காதீர்கள். பொருத்தித் தந்தவர் ஊரில் இல்லாத நாளிலும் என்னால் நடத்தக்கூடியது எது என்று கேளுங்கள். கடன்காரரிடமே கணக்குக் கேட்கும் நிலை எந்த வியாபாரிக்கும் வரக் கூடாது.