கட்டில் நுழையாத வாசல்

“சாய்ச்சுப் பிடிடா.”

“சாய்ச்சுத்தாண்ணே இருக்கேன்.”

என் நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. அப்பாவின் பழைய தேக்குக் கட்டிலை அண்ணனும் தம்பியும் வீட்டைவிட்டு வெளியே தூக்குகிறார்கள். கட்டில் வாசலில் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் கதை.

முதலில் எழுதியபோது இந்த இடத்துக்கு வந்து சேரவே மூன்று பக்கம் ஆயிற்று. தம்பி ஊரிலிருந்து வருகிறான். பஸ் கிடைத்ததா என்று அண்ணன் விசாரிக்கிறார். அண்ணி காபி கொண்டுவந்து சர்க்கரை போதுமா என்கிறாள். நடுவே டெலிபோன் வேறு. சபா நாடகம் பார்த்து வளர்ந்த கை அல்லவா, சோபாவும் டெலிபோனும் இல்லாமல் திரையைத் தூக்க வராது. இரண்டு மணி நேர நாடகத்தில் அதற்கெல்லாம் ஒரு பயன் உண்டு. தாமதமாக வருகிறவர்கள் இருட்டில் தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடிப்பார்கள். நான் எழுத உட்கார்ந்ததோ ஒரு பத்து நிமிட நாடகப் போட்டிக்கு.

இந்தப் பத்து நிமிடக் கணக்கை நாடக உலகில் பரப்பியதில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஆக்டர்ஸ் தியேட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. பல ஆண்டுகள் அதற்கென்றே தேசிய அளவில் போட்டி நடத்தினார்கள். 2002இல் சிட்னியில் ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ விழா தொடங்கியது. ஒரே மாலையில் பத்து நாடகம் வரை. பார்வையாளர்களுக்கும் ஓட்டு உண்டு. அந்த விழா பிறகு சென்னைக்கும் வந்துபோனது. நான் கலந்துகொண்டது அந்த வழியில் யாரோ நடத்திய சின்னப் போட்டி. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் தெரியும்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நம்பாதீர்கள். மனசுக்குள் படித்தபோது என் நாடகம் ஒன்பது நிமிடம். இரண்டு பேர் எழுந்து நின்று வசனம் பேசியபோது பதினாலு. தமிழில் ‘ம்’ என்ற ஓர் எழுத்துக்கு ஒரு நல்ல நடிகர் நாலு வினாடி எடுத்துக்கொள்வார். வாய்விட்டுப் படித்து வாட்ச்சைப் பார்ப்பது ஒன்றே வழி.

காபியை வெட்டினேன். அண்ணி பாத்திரமே போயிற்று. அதற்குப் பிறகும் கடைசிப் பக்கம் இருந்தது. கட்டிலின் அடியில் அப்பா ஒட்டிவைத்த உயில் கிடைக்கிறது, சொத்தெல்லாம் தங்கைக்கு! இந்தத் திருப்பத்துக்காகத்தான் நாடகமே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். எங்கள் இயக்குநர் படித்துவிட்டு, “இது ஒரு பக்கக் கதை சார்” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. வாரப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதை நம் தலைமுறைக்கே கடைசி வரி வியாதியைக் கொடுத்துவிட்டது. காகிதத்தில் கடைசி வரி வேலை செய்யும். மேடையில் அந்த வரிக்காகக் காத்திருக்கும் ஒன்பது நிமிடமும் நடிகர்கள் வெறும் தபால்காரர்கள். போட்டிக்கு வந்த மற்ற நாடகங்களையும் பிறகு பார்த்தேன். பாதிக்கு மேல் யாராவது கனவிலிருந்து விழித்தார்கள், அல்லது ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள்.

இந்த வியாதியிலிருந்து என்னை மீட்டவர் ஜோ காரி என்று ஒருவர். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1926 சுரங்கக் கதவடைப்பின்போது கஞ்சித் தொட்டிக்குப் பணம் சேர்ப்பதற்காக, ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களை வைத்தே நாடகம் போட்டவர். பிற்பாடு அமெச்சூர் குழுக்களுக்காக ஓரங்க நாடகங்களை எழுதிக் குவித்தார். அவற்றில் ‘ஹ்யூவர்ஸ் ஆஃப் கோல்’ சுரங்கம் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்ட தொழிலாளர்களின் கதை. யாரும் உள்ளே வர முடியாது, வெளியேயும் போக முடியாது. இருக்கிறவர்கள் பேசித்தான் ஆக வேண்டும். இதைப் படித்த பிறகுதான் என் கட்டில் எனக்கே புரிந்தது. கட்டில் மாட்டியிருக்கும் வரைதான் அண்ணன் தம்பி இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். உயிலைக் கிழித்துப் போட்டேன்.

போட்டி விதிமுறையில், ஒரு நாடகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டே நிமிடம் என்றிருந்தது. கட்டிலுக்கு எங்கே போவது? மேடையில் ஒரு பெஞ்சு தருவார்கள் என்றார்கள். பெஞ்சே கட்டில். கதவு கிடையாது, நடிகர்கள் முட்டிக்கொள்கிற இடம்தான் வாசல். வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பெஞ்சை வைத்து மூன்று வாரம் ஒத்திகை. பத்து நிமிடத்துக்குப் பத்து வினாடி குறைவாகவே வந்தது.

முடிவுக்கு வருமுன் நடுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் ஓரங்க நாடக விழாக்களுக்கு நடுவர்களை அனுப்பும் சங்கம் ஒன்று உண்டு. அவர்களுடைய மதிப்பெண் கணக்கு எனக்குப் பிடிக்கும்: நடிப்புக்கு 40, தயாரிப்புக்கு 35, மேடை அமைப்புக்கு 15, நாடகமாக எவ்வளவு தேறியது என்பதற்கு 10. எழுத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை! எழுதுகிறவன் கர்வத்துக்கு நல்ல மருந்து. இன்னொரு நல்ல பழக்கம், நாடகம் முடிந்த அன்றிரவே நடுவர் மேடையேறி, எது சரி, எது சரியில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்வது. நம் பக்கத்தில் கேடயம் கொடுப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். ஏன் தோற்றோம் என்று கேட்டால், “எல்லாமே நல்லாத்தான் இருந்தது” என்பார்கள்.

எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். போட்டியன்று மேடையில் இருந்தது மர பெஞ்சு, அசல் தேக்கு. பிளாஸ்டிக்கில் பழகிய இரண்டு பேரும் தூக்கியதும் முகம் மாறியது. ஐந்தாவது நிமிடத்தில் அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. “இறக்கிடலாம்டா” என்பது வசனத்தில் கடைசிக்குப் பக்கத்தில் வரும் வரி. அவர் அதை முன்னாலேயே சொல்லிவிட்டார். தம்பி இறக்கவில்லை. நான் எழுதாத ஒரு மௌனம் அங்கே நின்றது. பின்வரிசையில் யாரோ இருமியதுகூடக் கேட்டது. பிறகு விட்ட இடத்தைப் பிடித்து முடித்தபோது பதினொன்றரை நிமிடம். பத்து நிமிடம் தாண்டினால் பரிசுப் பட்டியலில் இடமில்லை என்று விதி. விளக்கை அணைக்காமல் விட்டதே பெரிது.

கிரீன் ரூமில் தம்பியாக நடித்த பையன் சிவந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: “அடுத்த வருஷம் தலையணையைப் பத்தி ஏதாவது எழுதுங்க சார்.”