பெயரில்லாமல் எரித்த விளக்கு

சுழற்சிக் கடன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது எனது வேலைகளில் ஒன்று. அண்மையில் ஓர் அக்காவிடம், “தொழில் என்ன?” என்று கேட்டேன்.

“தொழிலெண்டு ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார்.

யுத்தத்தில் கணவரை இழந்தவர். கருவாடு காயவைத்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். படுக்கையிலுள்ள மாமியாரையும் பராமரிக்கிறார். அவருக்கு அன்று நான் சொன்ன உண்மைக் கதையை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் துறைமுகம் உள்ளது. அதனுள்ளே லைம் றொக் என்ற சிறிய பாறைத்தீவில் ஒரு வெளிச்சவீடு இருந்தது. ஹொசேயா லூயிஸ் என்பவர் அதன் காவலர். 1857 இல் குடும்பம் தீவிலேயே குடியேறியது. சில மாதங்களில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. விளக்கின் பொறுப்பு மனைவிமீதும் மகள் ஐடாமீதும் விழுந்தது. ஐடாவுக்கு அப்போது வயது 15. மாலையில் விளக்கேற்றுவார், நள்ளிரவில் எழுந்து எண்ணெய் நிரப்புவார். சகோதரங்களை வள்ளத்தில் ஏற்றி, தானே துடுப்பு வலித்துக் கரையிலுள்ள பாடசாலைக்குக் கொண்டுபோவார்.

கடலில் தத்தளித்தவர்களையும் அவர் காப்பாற்றினார். 1869 மார்ச்சில் புயலில் வள்ளம் கவிழ்ந்த இரு படைவீரர்களை மீட்டபோது அவரது புகழ் நாடெங்கும் பரவியது. ஜனாதிபதி கிராண்ட் அவரைச் சந்தித்தார். ஆயினும் பதிவில் காவலர் தந்தையே. தந்தை இறந்தபின் பதவி தாய்க்குச் சென்றது. 1879 இல்தான் ஐடா காவலராக நியமிக்கப்பட்டார். சம்பளம் ஆண்டுக்கு 750 டொலர். தான் செய்த வேலைக்குத் தன் பெயர் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்!

1881 இல் அரசு அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1911 இல் இறக்கும்வரை அவர் விளக்கைக் காத்தார். அவர் காப்பாற்றியோர் 18 பேர் எனப் பதிவாகியுள்ளது. 1924 இல் அப்பாறைக்கே அவரது பெயர் சூட்டப்பட்டது. வெளிச்சவீடு இன்று அவரது பெயரைத் தாங்கிய படகுக் கழகமாக உள்ளது.

கதையைக் கேட்ட அக்கா சற்று யோசித்துவிட்டு, “அப்ப எழுதும் பிள்ளை, கருவாட்டு வியாபாரமெண்டு” என்றார்.

சகோதரிகளே, கடனோ கொடுப்பனவோ காணி உறுதியோ, எல்லாம் பதிவில் உள்ளதைப் பார்த்தே வருகின்றன. உங்கள் உழைப்பை “ஒன்றுமில்லை” என்று நீங்களே எழுதிவிடாதீர்கள்.