உறைந்த பழக் கலவை: கோடையில் வாங்கி நோன்பில் விற்கலாம்

வைகாசி மாதத்து நண்பகலில் அரியாலையில் கண்டி வீதியோரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சாவகச்சேரிப் பக்கமிருந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாண நகருக்குள் மாம்பழம் போகும் வழி அது. லாண்ட்மாஸ்டரிலும் முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியிலும் கறுத்தகொழும்பான் போய்க்கொண்டிருக்கும். காலையில் நல்ல விலைக்குப் போன பழம் மாலையில் பாதி விலைக்கு இறங்கும். பழுத்த பழம் நாளை வரை காத்திருக்காது என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும்.

இந்த வீதிக்குச் சற்று உள்ளே ஒரு பழைய வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, இரண்டு டீப் ஃபிரீஸர்களுடன் நான் தொழில் செய்கிறேன். "நானா, ஐஸ்கிறீம் போடுறியளா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஐஸ்கிறீமில் இங்கே பெயர் பெற்ற கிறீம் ஹவுஸ்கள் இருக்கின்றன. அவர்களோடு போட்டி போட என்னிடம் பணமும் இல்லை, துணிவும் இல்லை. நான் செய்வது பழத்தை வெட்டி, சீனிப்பாகு சேர்த்து, உறைய வைத்துக் கோப்பையில் விற்கும் ஃப்ரூட் கொக்டெய்ல். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் சில்லறை வியாபாரம் பழகி, யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பியவன் நான். கையில் இருந்த சிறு தொகைக்கு ஏற்ற தொழிலாக இது அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஃப்ரூட் கொக்டெய்ல் என்றதும் எமக்கு ஞாபகம் வருவது சூப்பர் மார்க்கெட் தட்டில் இருக்கும் தகரப் பேணிதான். அது 1930 களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பரவிய சரக்கு. முழுப் பழமாகப் பேணியில் அடைக்க முடியாதபடி அடிபட்ட பீச், பியர்ஸ் பழங்களின் நல்ல பகுதியை வெட்டிச் சேர்த்தால் காசாகும் என்று அங்குள்ள தொழிற்சாலைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். பின்னர் அந்நாட்டு அரசாங்கம் அதற்கு ஓர் அளவும் விதித்தது. பீச் 30 முதல் 50 வீதம், பியர்ஸ் 25 முதல் 45 வீதம், திராட்சை 6 முதல் 20, அன்னாசி 6 முதல் 16, செர்ரி 2 முதல் 6 வீதம். மலிந்த பழத்தால் பேணியை நிரப்பிவிட்டு மேலே ஒரு செர்ரியை வைத்து ஏமாற்ற முடியாது. எனது கோப்பைக்கு நானே ஓர் அளவு வைத்துக்கொண்டேன். மாம்பழம் 40, அன்னாசி 25, பப்பாசி 20, முந்திரிகை 15. மாம்பழம் விலை ஏறினாலும் அந்த 40 குறைவதில்லை. வாடிக்கையாளர் அதற்காகத்தான் திரும்பி வருகிறார்.

இனி விடயத்துக்கு வருவோம். கோடையில் குளிராக எதை வைத்தாலும் விற்கும். ஆனால் கோடையில் பழமும் மலிவு, போட்டியும் அதிகம். உண்மையான கேள்வி வேறு மாதங்களில்தான் வருகிறது. ரமழான் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாட்கள் முன்னால் நகர்கிறது. 2024 இல் மார்ச்சில் தொடங்கிய நோன்பு, 2030 இல் ஜனவரியில் ஒரு தடவையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு தடவையுமாக வரும். அதாவது இப்தாருக்குப் பழம் தேடும் காலம் மாம்பழக் காலத்திலிருந்து விலகியே இருக்கப்போகிறது. வைகாசியிலும் ஆனியிலும் வாங்கிய கறுத்தகொழும்பானை எட்டு மாதம் கழித்து நோன்பு திறக்கும் மேசைக்குக் கொடுக்க முடிந்தால், அந்த நேரத்தில் அதை வைத்திருப்பவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சைபருக்குக் கீழ் 18 பாகை செல்சியஸில் ஒரே சீராக இருந்தால் பழம் எட்டு மாதம் தாராளமாகத் தாங்கும்.

"ஒரே சீராக" என்ற சொல்லில்தான் எனக்கு அடி விழுந்தது.

2022 மார்ச் மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவருக்கும் டீசல் இல்லை. ஒரு ஃபிரீஸரில் பாதிக்கும் குறைவான சரக்கு; அதையும் கடைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக அடிக்கடி திறந்தோம். ஒரு நாள் காலையில் பார்த்தபோது நூற்றுச் சொச்சம் கோப்பைகள் தண்ணீராகக் கிடந்தன. கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்துவிட்டன. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எங்களுக்குப் பழம் வெட்டித் தரும் அயல்வீட்டு அக்கா மட்டும் ஒரு கோப்பையைத் திறந்து கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது சரிவராது. கொட்டுங்கோ" என்றார். நான் கேட்கவில்லை. சீனி விலை எங்கேயோ நின்ற காலம் அது. நோன்பும் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு கடைக்கு 40 கோப்பை அனுப்பினேன். மூன்றாம் நாள் கடைக்காரர் மீதியைத் திருப்பி அனுப்பினார். அடியில் புளித்த வாடை, மேலே ஐஸ் பாளம். யாருக்கும் வருத்தம் வரவில்லை என்பது அல்லாஹ்வின் கிருபை. அவர் சண்டை போடவும் இல்லை, அதற்குப் பிறகு ஓடர் தரவும் இல்லை. பின்னர் நானே நேரில் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார். ஓடர் தரவில்லை.

உறைதல் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. உருகினால் அது விழித்துக்கொள்ளும். உள்ளே ஐஸ் துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைத்துப் பின்னர் ஜூஸுக்குப் பாவிக்கலாம். முழுதாக உருகிச் சூடேறியதைக் கொட்டத்தான் வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் உருகியதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. சிறு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் பத்து ரூபாய்க் குற்றியை வைத்து ஃபிரீஸரின் மேல்தட்டில் விடுங்கள். காலையில் குற்றி மேலேயே இருந்தால் நிம்மதி. அடியில் போய் உறைந்திருந்தால் இரவு உருகியிருக்கிறது. நிரம்பிய ஃபிரீஸர் மூடியபடி இருந்தால் ஏறத்தாழ 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணித்தியாலம்தான். எனவே சரக்குக் குறையும்போது வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி விடுகிறேன். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கினால் நாடே இருண்ட நாளில் எனக்கு ஒரு கோப்பை கூட நட்டமில்லை.

செய்முறையில் இரகசியம் எதுவுமில்லை. ஆனால் அவசரம் கூடாது. பழம் மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய ஐஸ் பளிங்குகள் உருவாகிப் பழத்தின் கலங்களைக் கிழித்துவிடும், உருகும்போது கூழாகிவிடும். விரைவாக உறைந்தால் பளிங்குகள் சிறிதாக இருக்கும். கனடாவின் லப்ரடோர் பகுதியில் பழங்குடி மக்கள் கடுங்குளிரில் மீனை நொடியில் உறைய வைப்பதைப் பார்த்துத்தான் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1920 களில் இந்தத் தொழிலுக்கு வழி திறந்தார். எங்களிடம் அந்த இயந்திரம் இல்லை. ஆகவே பழத்தைச் சிறிதாக வெட்டி, தட்டில் ஒரே படையாகப் பரப்புகிறோம். 200 லீற்றர் ஃபிரீஸரில் ஒரு நாளைக்குப் புதிதாக 7, 8 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. ஆசையில் 20 கிலோவைத் திணித்தால் பழையதும் கெடும், புதியதும் கெடும்.

பாகுக்கு ஒரு கிலோ சீனி, ஒன்றரை லீற்றர் தண்ணீர். கொதிக்க வைத்து, ஆறவிட்டு, குளிர வைத்த பிறகே ஊற்ற வேண்டும். எமது கிணற்றுத் தண்ணீரின் நிலை தெரிந்தவர்களுக்கு ஏன் கொதிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் நிறம் கறுக்காது. வாழைப்பழத்தை உறைய வைக்காதீர்கள், பரிமாறும்போது வெட்டிப் போடலாம். வத்தகப்பழம் உறைந்தால் வெறும் ஐஸ்தான். யாழ்ப்பாணத்து முந்திரிகை தோலோடு நன்றாக நிற்கும்.

ஜெலி போட்டு அழகு காட்ட விரும்புபவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள். ஜெலட்டின் எந்த மிருகத்திலிருந்து வந்தது என்பது எமது சமூகத்துக்குப் பெரிய கேள்வி. பேணிச் செர்ரியின் சிவப்பும் சிலவேளை ஈ120 என்ற பூச்சிச் சாயமாக இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். அடுத்தது, பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலட்டினை இறுக விடாது. அவற்றிலுள்ள நொதியம் புரதத்தைக் கரைத்துவிடும். கடற்பாசி புரதமல்ல, அதனால் இறுகும். நோன்புக்கு எங்கள் வீடுகளில் காய்ச்சும் அதே கடற்பாசிதான். ஆனால் அதை உறைய வைத்தால் தண்ணீர் விடும். தனியாகக் காய்ச்சி, பரிமாறும்போது சேர்ப்பதே நல்லது.

கணக்குக்கு வருவோம். மாம்பழம் கிலோ 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலும் கொட்டையும் போக 600 கிராம்தான் மிஞ்சும். ஆக, சதை கிலோ 500 ரூபா. பலர் 300 ஐ வைத்து விலை போட்டுவிட்டு இலாபம் எங்கே என்று தேடுகிறார்கள். அடுத்தது மின்சாரம். ஒரு ஃபிரீஸருக்கு மாதம் 6,000 ரூபா, உள்ளே 100 கிலோ என்று கொண்டால் கிலோவுக்கு மாதம் 60 ரூபா. எட்டு மாதத்தில் 480. மாம்பழத்தின் விலையளவு அதன் வாடகை!

இந்தக் கணக்கைப் போட்ட பிறகே என் முறையை மாற்றினேன். கோப்பைகளாக நிரப்பி எட்டு மாதம் வைத்தால் ஃபிரீஸரில் பாதி காற்றுக்கும் பாகுக்கும் போய்விடுகிறது. இப்போது தட்டில் உறைந்த மாம்பழத் துண்டுகளை மட்டும் தட்டையான பைகளில் காற்றை அமுக்கி எடுத்துவிட்டு அடுக்குகிறேன். அன்னாசியும் பப்பாசியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும், அவற்றுக்கு ஏன் வாடகை கட்ட வேண்டும்? நோன்புக்கு இரண்டு வாரம் முன்னர் அவற்றை வாங்கி, உறைந்த மாம்பழத்தை உருக விடாமல் சேர்த்து, குளிர்ந்த பாகு ஊற்றிக் கோப்பை நிரப்புகிறோம்.

கடைகளுக்குக் கொடுப்பதென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள். லேபிளில் உள்ளடக்கம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை எல்லாம் இருக்கட்டும். தொகுதி இலக்கம் வீண் வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த 40 கோப்பை எந்த நாள் சரக்கு என்று அப்போது என்னால் சொல்ல முடிந்திருந்தால் கடைக்காரரோடு பேச்சாவது வந்திருக்கும்.

கோடையில் கலியாண வீடுகளும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கைகொடுக்கின்றன. தூர இடமென்றால் ரெஜிபோம் பெட்டியில் அடைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் சேரும் இடத்துக்கு மட்டும் அனுப்புகிறேன். கொழும்பிலிருந்து ஓடர் கேட்டார்கள், குளிர் லொறி இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். போன தடவை நோன்புக்குப் பள்ளிவாசல் இப்தாருக்கென்று ஒருவர் 60 கோப்பை எடுத்தார். வரும் நோன்புக்கு 200 கேட்டிருக்கிறார். அதற்குக் கோப்பைக்கு 40 கிராம் வீதம் 8 கிலோ மாம்பழச் சதை வேண்டும். கழிவும் சேர்த்து 14 கிலோ பழம். கறுத்தகொழும்பான் இறங்கிய முதல் வாரமே சாவகச்சேரிக்குப் போய் எடுத்து, இரண்டு நாளாகப் பிரித்து உறைய வைக்க வேண்டும்.