மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரே வாடகைப்படி

புதுதில்லி: கொல்கத்தாவிலிருந்து மும்பைக்கு மாற்றலாகிச் செல்லும் மத்திய அரசு ஊழியருக்கு அரசுக் குடியிருப்பு கிடைக்காவிட்டால் வாடகை வீடுதான் கதி. ஆனால், அவரது வீட்டு வாடகைப்படி ஒரு ரூபாய்கூட உயராது. அடிப்படை ஊதியம் ரூ.50,000 எனில், இரு நகரங்களிலும் படி ரூ.15,000தான். மும்பை வாடகை எத்தகையது என்பது ஊரறிந்த செய்தி. அரசின் கணக்கில் மட்டும் அது ஏறவில்லை.

நகரங்களைத் தரம் பிரிக்க அரசு கையாளும் அளவுகோல் வாடகையோ விலைவாசியோ அல்ல, மக்கள்தொகை. 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் 'எக்ஸ்', 5 லட்சம் முதல் 50 லட்சத்துக்குள் 'ஒய்', அதற்கும் குறைந்தால் 'இசட்'. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலை முதல் முறையே 24, 16, 8 சதவீதமாக இருந்த படி, 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தை எட்டியதால் 30, 20, 10 சதவீதமாயிற்று. 2011 கணக்கெடுப்பின் அடிப்படையில் 2015-இல் வெளியான ஆணையால் ஆமதாபாத்தும் புணேயும் 'எக்ஸ்' பிரிவில் சேர்ந்தன.

இந்த அளவுகோல் போதாது என்பதை அரசும் உணர்ந்தே உள்ளது. குர்காவ்ன், நொய்டா, காஜியாபாத், ஃபரீதாபாத் ஆகியவற்றுக்குத் தில்லிக்குரிய விகிதமும், ஷில்லாங், கோவா, போர்ட் பிளேர் ஆகியவற்றுக்கு 'ஒய்' விகிதமும் சிறப்பு விலக்காக அளிக்கப்பட்டன. விலக்கைக் கேட்டுப் பெறும் வலு எல்லா ஊர்களுக்கும் இருப்பதில்லை.

அகவிலைப்படியும் இக்குறையை ஈடுசெய்யாது. நாடு முழுவதும் அது ஒரே சதவீதம். அதற்கு அடிப்படையான தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு, 88 மையங்களின் விலைகளைக் கொண்டு, 2016-ஆம் ஆண்டை 100 எனக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஒரு மையத்தின் குறியீடு 140, மற்றொன்றின் குறியீடு 130 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் விலைவாசி அதிகம் என்பது இதன் பொருளல்ல. 2016-க்குப் பின் அங்கு விலை வேகமாக ஏறியது என்பதே பொருள். மலிவான ஊரின் குறியீடு, செலவு மிகுந்த ஊரின் குறியீட்டைத் தாண்டி நிற்கவும் கூடும். எனவே இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட இது உதவாது.

அமெரிக்காவில் இதற்கெனவே தனிக் கணக்கு உண்டு. அந்நாட்டு வணிகத் துறையின் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பிரிவு, தேசியச் சராசரியை 100 எனக் கொண்டு, பெருநகரப் பகுதிகளின் விலை மட்டத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ சராசரிக்கு மேலே, கிளீவ்லாந்து கீழே. வேறுபாட்டில் பெரும்பங்கு வாடகையினுடையது.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025 நவம்பரில் அமைக்கப்பட்ட எட்டாவது ஊதியக் குழுவுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கோ 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. புதிய எண்ணிக்கையால் சில நகரங்கள் ஒரு படி மேலேறலாம். 'எக்ஸ்' பிரிவுக்கு மேல் வேறு பிரிவு இல்லாததால், மும்பை, கொல்கத்தா விஷயத்தில் அதனால் மாற்றம் ஏதும் வராது.